'ரெஸ்பெக்ட்' பாட்டைப் பறிகொடுத்த ஓட்டிஸ் ரெட்டிங்!

'ரெஸ்பெக்ட்' பாட்டு யாருடையதுன்னு கேட்டா, பழைய இங்கிலீஷ் பாட்டு கேட்கிறவங்க யோசிக்காம அரீத்தா ஃபிராங்க்ளின்னு சொல்லிடுவாங்க. நீங்களும் அப்படித்தானே? பெண்ணுரிமைக்கே அடையாளமாகிப்போன பாட்டு அது. ஆனால், அதை எழுதி முதலில் பாடியது ஓர் ஆண். அதுவும், நாள் முழுக்க உழைச்சுட்டு வீட்டுக்கு வர்றேன், பொண்டாட்டி என்னை மதிக்க வேண்டாமா எனக் கேட்கிற புருஷனின் பாட்டாக. பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங். 26 வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டவர்.

1941-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் பிறந்தவர் ஓட்டிஸ். வளர்ந்தது மேக்கன் என்கிற ஊரில். அப்பாவுக்குக் காசநோய் வந்து படுத்துவிட, 15 வயசில் படிப்பு நின்றுபோனது. கிணறு வெட்டப் போனார், பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தார். சர்ச்சில் பாடிப் பழகிய குரல் மட்டும் கூடவே இருந்தது. ஊரில் நடந்த பாட்டுப் போட்டியில் வாரா வாரம் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். பரிசு எவ்வளவு தெரியுமா? 5 டாலர்.

1962-ல் அவருக்கு வாய்ப்பு வந்த விதம் சினிமாவில் வைத்தால்கூட நம்ப மாட்டோம். ஜானி ஜென்கின்ஸ் என்ற கிட்டாரிஸ்ட்டுக்கு மெம்ஃபிஸ் நகரத்தில் ரெக்கார்டிங். அவரிடம் டிரைவிங் லைசென்ஸ் இல்லாததால், டிரைவராகப் போனவர் ஓட்டிஸ். பழைய சினிமா தியேட்டரை ஸ்டூடியோவாக மாற்றியிருந்த 'ஸ்டாக்ஸ்' கம்பெனி அது. ஜென்கின்ஸின் ரெக்கார்டிங் சரியாக அமையவில்லை. நேரம் மிச்சமிருந்தது. டிரைவரைப் பாட விட்டார்கள். அன்று அவர் பாடிய 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' ஹிட். அப்புறம் அவர் யாருக்கும் கார் ஓட்டப் போகவில்லை.

1965-ல் 'ரெஸ்பெக்ட்' வெளியானது. கறுப்பின மக்களின் இசைப்பட்டியலில் 4-வது இடம். ஆனால், எல்லோருக்குமான பொதுப்பட்டியலில் 35-வது இடத்தைத் தாண்டவில்லை. மோசமில்லை, ஆனா பெரிய ஹிட்டும் இல்லை. 1966-ல் மிச்சிகனைச் சேர்ந்த 'தி ரேஷனல்ஸ்' என்ற வெள்ளைக்காரப் பசங்களின் ராக் குழு அதை எடுத்துப் பாடியது. அந்தப் பக்கத்தில் ஓரளவு ஓடியது, அவ்வளவுதான்.

1967 பிப்ரவரி 14. காதலர் தினத்தன்று நியூயார்க்கில் அட்லான்டிக் கம்பெனியின் ஸ்டூடியோவில், 24 வயது அரீத்தா அந்தப் பாட்டைப் பதிவு செய்தார். இவரும் சர்ச்சில் பாடி வளர்ந்தவர்தான். அப்பா டெட்ராய்ட்டில் புகழ்பெற்ற போதகர். ஓட்டிஸின் பாட்டில் புருஷன் மட்டும்தான் பேசுவான். வீட்டில் இருக்கிற பொண்டாட்டி என்ன நினைக்கிறாள் என்பதே அதில் கிடையாது. அரீத்தா அந்தப் பொண்டாட்டியைப் பேச வைத்தார். கெஞ்சல் போய், கேட்டு வாங்குகிற தொனி வந்தது. தலைப்பில் உள்ள ஏழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக உச்சரித்துப் பாடுவாரே, அது ஓட்டிஸின் பாட்டில் இல்லவே இல்லை. நடுவில் வருகிற சாக்ஸபோன் பகுதியும் புதுசு. பின்னணியில் கோரஸ் கொடுத்தவர்களில் அவரின் சகோதரிகள் எர்மாவும் கேரலினும் உண்டு. இவ்வளவும் சேர்ந்தபோது அது வேறு பாட்டாகவே ஆகிவிட்டது. ஜூன் மாதம் அமெரிக்காவில் நம்பர் 1!

அதே ஜூனில், கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழாவில் ஓட்டிஸ் பாடினார். எதிரே பெரும்பாலும் வெள்ளைக்கார ஹிப்பி இளைஞர்கள். 'ரெஸ்பெக்ட்' பாடுவதற்கு முன்னால், இந்தப் பாட்டை ஒரு பொண்ணு என்கிட்டேயிருந்து ஆட்டையைப் போட்டுட்டா என்கிற அர்த்தத்தில் மேடையிலேயே ஜோக் அடித்தார். அப்புறம் அரீத்தாவைவிட வேகமாக, அதிரடியாகப் பாடி முடித்தார்.

அவருக்கு இதில் கோபப்பட நியாயமும் கிடையாது என்பேன். அவரே அந்த வேலையில் கில்லாடி. 1932-ல் வந்த மெதுவான காதல் பாட்டு 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்'. 1966-ல் அதை எடுத்து, கடைசியில் தெறிக்கவிட்டு, இன்றைக்கு அவர் பாட்டாகவே எல்லோரும் நினைக்கிற அளவுக்கு மாற்றிவிட்டார். ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' வெளியான சில வாரங்களிலேயே, டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் வைத்து அதையும் பாடியவர். அந்தப் பாட்டும் 'ரெஸ்பெக்ட்'டும் ஒரே ஆல்பத்தில்தான் இருக்கின்றன.

மான்டரேவுக்குப் பிறகு அவருக்கு இருந்தது ஆறு மாதம்கூட இல்லை. 1967 டிசம்பர் 10 அன்று, அடுத்த கச்சேரிக்காகக் கிளம்பிய அவரின் சிறிய விமானம் விஸ்கான்சினில் உறைபனிக் குளிரில் கிடந்த ஏரியில் விழுந்தது. எட்டுப் பேரில் ஒருவர்தான் பிழைத்தார். இறந்தவர்களில் பலர் 20 வயதைக்கூடத் தொடாத வாத்தியக்கலைஞர்கள். மூன்று நாள் முன்புதான் 'டாக் ஆஃப் தி பே' பாட்டின் ரெக்கார்டிங்கை முடித்திருந்தார் ஓட்டிஸ். 1968 மார்ச்சில் அது நம்பர் 1 ஆனது. உயிரோடு இருந்தவரைக்கும் அவருக்குக் கிடைக்காத இடம்.

கணக்கு வழக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் ரேடியோவில் பாட்டு ஒலித்தால், அதை எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும்தான் பணம். பாடியவருக்குக் கிடையாது. ஆக, அரீத்தாவின் குரலில் 'ரெஸ்பெக்ட்' ஒலித்த ஒவ்வொரு முறையும் எழுதியவர் பங்கு ஓட்டிஸ் கணக்குக்குத்தான். அவர் போனபோது மனைவி ஜெல்மாவுக்கும் வயசு இருபதுகளில்தான், கையில் சின்னக் குழந்தைகள். பாட்டும் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது. அரீத்தாவுக்கு? பேர், புகழ், கிராமி விருது எல்லாம் கிடைத்தது. 2018-ல் அவர் காலமானபோதும் எங்கே பார்த்தாலும் அந்தப் பாட்டுதான். ஆனால், அமெரிக்க ரேடியோ காசில் ஒரு சென்ட்கூட வரவில்லை. பாட்டை மேலே தூக்கிவிட்டவருக்கு இது அநியாயம்தான். சட்டம் இன்னும் மாறவில்லை.

ரெண்டையும் இதுவரை சேர்த்துக் கேட்டதில்லைன்னா, முதலில் ஓட்டிஸ் பாடியதைக் கேளுங்க. புருஷன் பேசி முடிக்கட்டும். அப்புறம் அரீத்தா.