கார்ல் டிரையர்: கேலிக் கூச்சலுக்கு ஆளான கலைஞர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

1932 மே 6 அன்று பெர்லின் நகரில் ஒரு பேய்ப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பார்த்தவர்கள் கேலிக் கூச்சலிட்டனர். வியன்னாவிலோ, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு ரகளையே நடந்தது. படத்தின் பெயர் வாம்பயர். எடுத்தவர் டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர்.

1889-இல் கோபன்ஹேகனில் பிறந்த அவருடைய தாய், மணமாகாத சுவீடன் நாட்டுப் பணிப்பெண். அச்சுக்கோப்பவர் ஒருவர் குழந்தையைத் தத்தெடுத்துத் தம் பெயரையே சூட்டினார். உண்ணும் உணவுக்கு நன்றியோடிருக்க வேண்டுமென்று அவ்வீட்டில் அடிக்கடி நினைவூட்டுவார்களாம். வளர்ந்ததும் வீட்டை விட்டு வெளியேறினார். தந்தி நிறுவனத்தில் எழுத்தர், பத்திரிகையாளர் என்று அலைந்து திரைத்துறைக்கு வந்து சேர்ந்தார்.

1928-இல் ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி அவர் எடுத்த படம் புகழைத் தந்தது, பணத்தைத் தரவில்லை. அடுத்த படத்துக்கு முதல் போட்டவர் நிக்கோலா த குன்ஸ்பர்க் என்ற செல்வந்த இளைஞர். கதாநாயகன் வேடம் தமக்கே வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை!

படப்பிடிப்பின் தொடக்கத்தில், லென்சில் தவறுதலாக வெளிச்சம் பட்டுக் காட்சி சாம்பல் பூத்துப் போயிற்று. டிரையருக்கோ அது பிடித்துவிட்டது. பிறகு வேண்டுமென்றே காமிராவின் முன் மெல்லிய துணியைக் கட்டிப் படம் பிடித்தார்கள். ஆய்வகத்தில் நாங்கள் துடைத்துத் துடைத்து நீக்குகிற மங்கலை அவர் விரும்பி அழைத்துக்கொண்டார் எனலாம். ஆளில்லாத நிழல்கள் தாமே நடக்கின்றன. நாயகன் தன் பிணத்தைத் தானே காண்கிறான். சவப்பெட்டியின் கண்ணாடி வழியே மரங்களும் வானமும் மேலே நகர்கின்றன. கிடப்பவன் கண்ணால் நாமும் பார்க்கிறோம். நடப்பது மெய்யா கனவா என்று படம் சொல்வதே இல்லை. முந்திய ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த டிராகுலாவைப் போன்ற ஒன்றை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை போலும். அவர்களை முற்றிலும் குறை கூறவும் முடியாது. கதையைத் தொடர்வது கடினந்தான்.

தோல்வி அவரைச் சாய்த்தது. மனம் நொந்து நோயுற்றார். மீண்டும் பத்திரிகைக்குப் போய் நீதிமன்றச் செய்திகளை எழுதிப் பிழைத்தார். அடுத்த முழுநீளப் படம் 1943-இல்தான் வந்தது. அதையும் மெதுவாக நகர்கிறதென்று கோபன்ஹேகன் விமரிசகர்கள் குறை கூறினர். அதற்குப் பிந்திய படங்களை அவர் இன்னும் மெதுவாகவே எடுத்தார். அவற்றுள் ஒன்றான ஓர்டெட், 1955-இல் வெனிஸ் விழாவின் தலைசிறந்த பரிசைப் பெற்றது.

1968 மார்ச் 20 அன்று டிரையர் காலமானார். வாம்பயரின் மூலப் படச்சுருள் கிடைக்கவில்லை. எஞ்சிய ஜெர்மன், பிரெஞ்சுப் பிரதிகளின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய படத்தையே இன்று உலகம் பார்க்கிறது.