கருங்காய்ச்சலை வென்ற டாக்டர் பிரம்மச்சாரி

பீகாரில் ஜமால்பூர் என்று ஓர் ஊர். ரெயில்வே தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். அங்கே ரெயில்வே டாக்டராக வேலை பார்த்தவர் நீலமணி பிரம்மச்சாரி. அவருடைய மகன்தான் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. பிறந்தது 1873-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி.

பிரம்மச்சாரி என்பது குடும்பப் பெயர்தான். மற்றபடி அவர் திருமணமானவர்!

படிப்பில் கெட்டிக்காரர். 1893-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்து ரசாயனத்தில் எம்.ஏ. முடித்தார். பிறகு மருத்துவம் படித்து, 1902-ல் எம்.டி. ஆனார். நோயைப் பார்க்கவும் தெரியும், மருந்தைத் தயாரிக்கவும் தெரியும். இந்த இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்தது பின்னால் எத்தனையோ ஏழைகளின் உயிரைக் காப்பாற்றியது.

ஊரைக் காலி செய்த நோய்

அந்தக் காலத்தில் வங்காளம், அசாம், பீகார் கிராமங்களை ஒரு நோய் ஆட்டிப் படைத்தது. பெயர் காலா அசார். கருங்காய்ச்சல் என்று சொல்லலாம். காய்ச்சல் வாரக்கணக்கில் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு பானை போல் ஆகும். கை, கால் குச்சியாக மெலியும். தோல் கறுக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு தொண்ணூறு பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

நோய்க்குக் காரணமான கிருமி 1903-ல் பிடிபட்டது. டம்டம்மில் இருந்து இங்கிலாந்து திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அதைப் பார்த்தவர் லீஷ்மன். அதே ஆண்டில், நம் சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் அதைக் கண்டவர் டோனவன். கிருமியின் பெயரில் இருவர் பெயரும் உண்டு.

ஆனால் மருந்து? ஆன்டிமனி என்ற உலோகம் சேர்ந்த ஒரு மருந்தை 1915 வாக்கில் ஊசி மூலம் போட்டார்கள். மாதக்கணக்கில் போட வேண்டும். வாந்தி குடலைப் பிடுங்கும். பாதியில் ஓடிப்போன நோயாளிகள் பலர்.

அரிக்கேன் விளக்கு ஆராய்ச்சி

பிரம்மச்சாரி அப்போது கல்கத்தா காம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியர். அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. அதில் காஸ் அடுப்பு இல்லை. தண்ணீர்க் குழாய் இல்லை. மின்சார விளக்கும் இல்லை. இரவில் மண்எண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு வேலை செய்தார்.

1920-ல் வெற்றி கிடைத்தது. ஆன்டிமனியையும் யூரியாவையும் சேர்த்து அவர் உருவாக்கிய மருந்தின் பெயர் யூரியா ஸ்டிபமைன். மாதக்கணக்கில் நடந்த சிகிச்சை, சில வாரங்களில் முடிந்தது. சாவுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

1922-ல் இன்னொன்றையும் கண்டார். நோய் குணமான சிலருக்கு, நாள் கழித்துத் தோலில் வெளிறிய திட்டுகளும் முடிச்சுகளும் தோன்றின. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனால் அந்தத் தோலில் கிருமி இருந்தது! உள்ளே செத்துப்போனதாக நினைத்த எதிரி, வெளியே வந்து ஒளிந்திருந்தது.

சுவரில் இருந்த எதிரி

நோயாளியிடம் இருந்து அடுத்தவருக்குக் கிருமி எப்படிப் போகிறது? மூட்டைப்பூச்சி மேல் பலர் சந்தேகப்பட்டார்கள். 1924-ல் கல்கத்தா விஞ்ஞானிகள், மணல் ஈ என்ற பூச்சியின் வயிற்றில் கிருமி வளர்வதைக் கண்டார்கள். அதன் பிறகும் சந்தேகம் தீரவில்லை. 1942-ல்தான், மணல் ஈ கடித்தே மனிதனுக்கு நோய் வருகிறது என்பதை சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் மெய்ப்பித்தார்கள். தாங்களே முன்வந்த தொண்டர்கள் அந்தச் சோதனையில் ஈக்கடியை ஏற்றார்கள்.

மணல் ஈ கொசுவை விடச் சின்னது. சத்தம் போடாது. சாதாரணக் கொசுவலைக் கண்ணில் புகுந்துவிடும். உயரப் பறக்கத் தெரியாது; தத்தித் தத்திப் போகும். பகலில் மண் சுவர் விரிசலிலும், மாட்டுக் கொட்டில் இருட்டிலும் ஒளிந்திருக்கும். சாணம் கலந்த ஈர மண்ணில் முட்டையிடும். இரவில் பெண் ஈ மட்டும் ரத்தம் குடிக்க வரும். நோயாளியையோ, தோலில் திட்டு உள்ளவரையோ கடித்துவிட்டு அடுத்தவரைக் கடித்தால் போதும். அதாவது, பிரம்மச்சாரி 1922-ல் கண்ட திட்டுதான் கிருமியின் சேமிப்புக் கிடங்கு!

மருந்து மட்டும் போதுமா?

பிரம்மச்சாரிக்கு 1934-ல் சர் பட்டம் கிடைத்தது. நோபல் பரிசுக்கும் அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1936-ல் இந்திய விஞ்ஞான காங்கிரசின் தலைவர் ஆனார். 1946 பிப்ரவரி 6-ந் தேதி காலமானார்.

அவருக்குப் பின் நடந்தது ஒரு பாடம். 1950-களில் மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக டி.டி.டி. தெளித்தார்கள். மணல் ஈயும் சேர்ந்து செத்தது. கருங்காய்ச்சல் ஏறக்குறைய மறைந்தது. தெளிப்பு நின்றது. சுவர் விரிசலில் ஈ திரும்பியது. 1970-களில் பீகாரில் நோய் மறுபடி பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நாளடைவில் ஆன்டிமனி மருந்துகளுக்குக் கிருமி பழகிப்போய், பலருக்கு அவை வேலை செய்யாமல் போயின.

இப்போது புது மருந்து உண்டு. ஒரே ஒரு முறை நரம்பு வழியே ஏற்றினால் போதும். வீட்டுச் சுவர்களிலும் மாட்டுக் கொட்டிலிலும் பூச்சி மருந்து தெளிக்கிறார்கள். சுவர் விரிசலைப் பூசுகிறார்கள். பக்கத்து வங்காளதேசம் 2023-ல் இந்த நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்து உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இந்தியாவிலும் நோயாளிகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

பீகார், வங்காளம், ஜார்கண்ட் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் அலட்சியம் வேண்டாம். எந்த ஊரில் இருந்தோம் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனி ரத்தத்திலேயே சோதனை செய்யலாம். குணமான பிறகு தோலில் திட்டு வந்தாலும் மறைக்கக்கூடாது. அதைத்தான் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த டாக்டர் கண்டு சொல்லிவிட்டுப் போனார்.