பாப்வாவின் தலைகீழ்ப் பிடி

தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலில் சைதாப்பேட்டை வரை வந்து, அங்கிருந்து பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வருகின்ற மாணவருள் நானும் ஒருவன். பேருந்து அண்ணா சாலையில் நந்தனத்தை நெருங்கும்போது, மரங்களுக்கு இடையே பசும்புல் விரித்த ஒரு திடல் கண்ணில் பட்டு மறையும். அது கோல்ஃப் திடல். வெள்ளையர் காலத்திலேயே கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் நடுவிலும் இவ்வாட்டம் நடந்தது. தென்சென்னையில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டிருப்போம்? நான் தொட்டதில்லை. ஆயினும் ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரின் வாழ்க்கையைப் பற்றி இக்கல்லூரி மலரில் எழுதத் துணிந்திருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு குடை.

எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நகரத்துத் திடல் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்தவர். அவ்வேலை செய்வோரைக் 'கேடி' என்பார்கள். நம் ஊரில் கேடி என்றால் காவல் நிலையப் பட்டியலில் உள்ளவன் என்றல்லவா பொருள்! பெண் பார்க்கப் போன இடத்தில் தம் வேலையின் பெயரைச் சொல்லிவிட்டுத் தாம் பட்ட பாட்டை அவர் சொல்லக் கேட்க வேண்டும். கார்த்திகை மாத மழைநாள் ஒன்றில் தாம்பரம் நிலையத்து நடைமேடையில் இருவரும் ஒதுங்கி நின்றோம். கோல்ஃப் என்பது வெறுமனே பந்தை அடிப்பதுதானே மாமா என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அவர் தம் குடையை மடக்கி என் கையில் கொடுத்து, அடித்துக் காட்டச் சொன்னார்.

நான் ஓங்கி வீசினேன். ஒரே வீச்சில் ஐந்து பிழை செய்ததாகச் சொல்லி அவர் சிரித்தார்.

முதற்பிழை இறுக்கம். குடைக் காம்பை நெரித்துப் பிடித்திருந்தேன். கை இறுகினால் முழங்கையும் தோளும் இறுகும், மணிக்கட்டு மடங்காது, வீச்சில் வேகம் பிறக்காது. கைக்குள் ஒரு குருவிக் குஞ்சைப் பிடித்தாற்போல, நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது என்றார். இரண்டாவது அவசரம். பின்னோக்கித் தூக்கும்போதே விரைந்துவிட்டால், கீழே இறங்கும்போது கை முந்தும், உடல் பிந்தும். மூன்றாவது, உடலைத் திருப்பாமல் பக்கவாட்டில் ஆடியது. உரலில் குழவி சுற்றுவது போல இடுப்பும் தோளும் ஓர் அச்சில் திரும்ப வேண்டுமேயன்றி, ஊஞ்சல் போல இப்படியும் அப்படியும் போகக்கூடாது. அப்படிப் போனால் மட்டை பந்துக்கு முன்னே மண்ணைக் கிளறும். அல்லது பந்தின் தலையை மட்டும் தட்டிவிட்டுப் போகும். நான்காவது, பந்து எங்கே போயிற்று என்று பார்க்கும் ஆசையில் அடிக்கும் முன்பே நிமிர்ந்துவிட்டது. இதைத் திருத்த அவர் சொன்ன வழி, அடித்து முடித்த பின்பும் பந்து இருந்த இடத்துப் புல்லை ஒரு கணம் பார்த்துக்கொண்டிருப்பதுதான். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே என்று பின்னர் படித்தேன். அதற்குள் கண் போய் எதைச் செய்யும்? ஆனால் கண் நிமிரும்போது முதுகும் நிமிர்ந்துவிடுகிறது, கேடு அங்கேதான்.

புதிதாக ஆடுவோர் எல்லாரையும் வாட்டும் பிழை ஒன்றையும் அவர் விளக்கினார். வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து நேரே புறப்பட்டு, போகப் போக வலப்புறமாக வளைந்து புதருக்குள் விழும். இதற்குப் பெயர் ஸ்லைஸ். மட்டை வெளியிலிருந்து உள்நோக்கிக் குறுக்கே இழுத்து வர, அதன் முகம் அவ்வழிக்கு வலப்புறமாகத் திறந்திருப்பதால் பந்து சுழன்று வளைகிறது. வலப்புறம் போகிறதே என்று அஞ்சி, ஆடுபவர் இன்னும் இடப்புறம் திரும்பி நிற்பார். குறுக்கு வீச்சு மேலும் குறுக்காகும், வளைவும் கூடும். தோள்களை இலக்கின் கோட்டுக்கு இணையாக வைத்து, இரு கைகளையும் காம்பின்மேல் சற்றே வலப்புறமாகத் திருப்பிப் பிடித்தால், மட்டையின் முகம் உரிய நேரத்தில் மூடிக்கொள்ளும். அளவுக்கு மீறித் திருப்பினால் பந்து இடப்புறம் வளைந்தோடும். அது ஹூக் எனப்படும் வேறொரு நோய்.

ஐந்தாவது பிழையைக் கடைசியாகச் சொன்னார். அதுதான் எல்லாவற்றிலும் பெரிதாம். வலக்கைக்காரன் பிடிக்கும்போது இடக்கை மேலே, காம்பின் நுனியருகே இருக்க வேண்டும். வலக்கை அதற்குக் கீழே. கிரிக்கெட் மட்டையையும் அப்படித்தான் பிடிக்கிறோம். நானோ வலக்கையை மேலே வைத்து, இடக்கையைக் கீழே வைத்திருந்தேன். இப்படிப் பிடித்தவன் எவனும் உருப்பட்டதில்லை என்று சொல்லி என் கைகளை மாற்றி வைத்தார். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

அந்தப் பேச்சு மனத்திலேயே நின்றது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் விளையாட்டு நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், வலக்கையை மேலும் இடக்கையைக் கீழுமாக வைத்துப் பிடித்து ஆடி, உலகறிந்த வீரர்களை வென்ற ஒருவரின் பெயரைக் கண்டேன். பெயரைக் கண்டதும் வியப்பு இருமடங்காயிற்று. அவர் நம்மவர், இந்திய வழித்தோன்றல். சேவ்சங்கர் சேவ்கோலம் என்பது முழுப் பெயர். பாப்வா என்பது எல்லாரும் அழைத்த பெயர். நம் நாட்டில் சிவசங்கர் என்று அழகாக ஒலித்திருக்க வேண்டிய பெயர், கடல் கடந்த தோட்டத்துக் கணக்கர்களின் ஏடுகளில் உருமாறிப்போயிற்று.

அக்கடற்பயணம் நம் சென்னையிலிருந்தே தொடங்கியது என்பதை வரலாற்று மாணவர் அறிவர். 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதல் இந்தியர் அதில் இருந்தனர். தமிழரும் தெலுங்கரும் மிகுதி. சில நாள்களில் கல்கத்தாவிலிருந்து இன்னொரு கப்பல் சென்று சேர்ந்தது. அவ்வாறு சென்றோரின் வழியில், டர்பன் நகரில், ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் பாப்வா.

பள்ளியில் எழுத்தறிவு பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. இளமையிலேயே வெள்ளையர் ஆடும் திடலில் பை சுமக்கும் பையனானார். ஆக, அவரும் ஒரு கேடிதான். ஆட்டத்தைக் கற்பிக்க ஆசான் யாரும் இல்லை. கண்டதைக் கொண்டு தாமே கற்றார். கையில் கிடைத்த கழியை முதன்முதலில் எப்படிப் பிடித்தாரோ அப்படியே கை பழகிவிட்டது. அதைத் தவறென்று சொல்லித் திருத்த ஒருவரும் முன்வராததை நல்லூழ் என்பதா, தீயூழ் என்பதா? யாராவது திருத்தியிருந்தால் ஒருவேளை ஓர் எளிய கேடியாகவே மறைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பிடி எப்படி வேலை செய்தது என்று எண்ணிப் பார்த்தேன். வழக்கமான பிடியில் வலத்தோள் சற்றுத் தாழ்ந்து, வலக்கை பந்தடிக்கும் கணத்தில் இடக்கையை மீறி உருள முயலும். பாப்வாவின் பிடியிலோ இடக்கை கீழிருந்து வழிகாட்ட, மட்டையின் முகம் எளிதில் புரண்டுவிடாமல் இலக்கை நோக்கியே நிற்கும். மணிக்கட்டுகளின் விசை குறையும் என்பது உண்மை. தொலைவை இழந்து நேர்மையைப் பெறுகிற பேரம் அது. குழிக்கு அருகே பந்தை மெல்ல உருட்டும்போது இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பது இன்று உலகின் முன்னணி ஆட்டக்காரர் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. முழுவீச்சுக்கு மட்டும் அது இன்றும் பிழைதான்; பாட நூல்கள் மாறவில்லை.

வெள்ளையரல்லாதார்க்கென்று தனியே நடந்த போட்டிகளில் பாப்வா வென்றுகொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் அப்போது நிறவெறிச் சட்டங்கள் முறுகி நின்ற காலம். 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம் என்று வகுத்தது. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களையும் நிறத்தால் பிரித்தது. வெள்ளையரோடு சேர்ந்து ஒரு போட்டியில் ஆடுவது அந்நாட்டில் எண்ணிப் பார்க்கவும் அரிது. அவர் ஆற்றலைக் கண்ட கிரஹாம் வுல்ஃப் என்னும் வெள்ளையர் ஒருவர், 1959-இல் அவரைத் தம்முடன் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். இந்த வுல்ஃப் ஒரு வேதியியலாளர். 'ஓலே' என்னும் முகப்பூச்சை உருவாக்கியவர் அவரே. நம் வீட்டுப் பெண்கள் தியாகராய நகர்க் கடைகளில் வாங்கும் அப்பூச்சுக்கும் ஒரு கேடியின் வாழ்வுக்கும் இப்படி ஒரு தொடர்பு!

ஐரோப்பாவில் பிடியைக் கண்டு புருவம் உயர்த்தினோர் முடிவைக் கண்டு வாயடைத்தனர். 1959-இல் டச்சு ஓப்பன் பட்டத்தைப் பாப்வா வென்றார். அடுத்த ஆண்டும் வென்றார். 1964-இல் மூன்றாம் முறையும் வென்றார். ஒருமுறை வென்றால் தற்செயல் எனலாம். மூன்று முறைக்கு என்ன சொல்வது?

தாய்நாட்டில் நடந்ததைச் சொல்லும்போதுதான் எழுதுகோல் தயங்குகிறது. 1963-இல் நேட்டால் ஓப்பன் போட்டி டர்பன் கன்ட்ரி கிளப் திடலில் நடந்தது. வெள்ளையரோடு ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது. பாப்வா வென்றார். மாநில அளவிலான ஓப்பன் போட்டி ஒன்றில் வெள்ளையரல்லாத ஒருவர் வென்றது அந்நாட்டில் அதுவே முதல் முறை. ஆனால் பரிசளிப்பு நடக்கும் மன்றக் கட்டடம் வெள்ளையர்க்கு உரியது. அதனுள் அவர் நுழையக்கூடாது. வெளியே மழை. மழையிலேயே நின்று அவர் கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அந்தக் காட்சியின் புகைப்படம் பல நாட்டுச் செய்தித்தாள்களில் வெளியாகி, நிறவெறி விளையாட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்ற இயக்கத்தின் அடையாளமாயிற்று.

நம் நகரிலும் வெள்ளையர் மன்றத்தின் வாயிலில் இந்தியர் நின்ற காலம் உண்டு. காஸ்மாபாலிடன் கிளப் 1873-இல் சென்னையில் தோன்றியதை அந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். நாம் மழையை மறந்துவிட்டோம், அவ்வளவே.

1965-இல் பாப்வா மீண்டும் நேட்டால் ஓப்பன் பட்டத்தை வென்றார். இம்முறை அவரிடம் தோற்றவர் கேரி பிளேயர். அதற்கு முன்பே பிரிட்டிஷ் ஓப்பன், மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ. பட்டங்களை வென்றிருந்தவர், அதே ஆண்டின் நடுவில் அமெரிக்க ஓப்பனையும் வென்று நான்கு பெரும் பட்டங்களையும் நிறைவு செய்தவர். அத்தகையவரைத் தலைகீழ்ப் பிடி வென்றது. பிளேயர் அக்காலத்தில் தம் நாட்டு அரசின் கொள்கைக்குப் பரிந்து எழுதியவர். பின்னாளில் அது தம் பிழை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

இவ்வெற்றியை அரசு பொறுத்துக்கொள்ளவில்லை. உள்நாட்டு வெள்ளையர் போட்டிகளில் ஆடுவதற்கான அனுமதி அவருக்கு மறுக்கப்பட்டது. பின்னர்ப் பாஸ்போர்ட்டும் பறிக்கப்பட, வெளிநாட்டு வாயிலும் அடைபட்டது. உள்ளேயும் ஆட முடியாது, வெளியேயும் போக முடியாது. கையில் இருந்த தொழிலோ அது ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் வேறு எங்கே போவார்? ஆட்டத்தின் உச்சியில் இருந்திருக்க வேண்டிய ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1978-இல், ஐம்பதை எட்டும் முன்பே, வறுமையில் மறைந்தார்.

அவர் உயிரோடிருந்தபோதே, 1974-இல், டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவைச் சந்திக்க வேண்டிய இந்தியா, நிறவெறியைக் கண்டித்து ஆட மறுத்தது. கோப்பையை ஒருமுறைகூட வென்றிராத அணி கைக்கெட்டியதை விட்டுக்கொடுத்தது. அவ்வணியில் ஆடிய விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் சென்னைக்காரர்கள். டர்பனில் இருந்த பாப்வாவுக்கு அச்செய்தி எட்டியிருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பிற்காலத்தில் டர்பன் மாநகரில் ஒரு பொதுக் கோல்ஃப் திடலுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இக்கதையை எங்கள் தெருப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். வாசல் திண்ணையில் அமர்ந்து முழுதும் கேட்டார். பை சுமந்தவன் வென்றான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தில்லியில் பை சுமந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றதையும், பெங்களூர்க் கேடி முனியப்பா 2009-இல் வென்றதையும் அவரே நினைவுகூர்ந்தார். மழை, கோப்பை என்று சொன்னபோது மட்டும் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தார். வலக்கையை மேலே வைத்து, இடக்கையைக் கீழே வைத்து, மெதுவாக இரண்டு முறை வீசிப் பார்த்தார். மணிக்கட்டு பிடித்துக்கொள்கிறது என்றார். பின் குடையை என்னிடம் கொடுத்தார். நான் ஆசையோடு பாப்வாவைப் போலப் பிடித்தேன். அவர் என் கைகளைப் பிரித்து, இடக்கையை மேலும் வலக்கையைக் கீழுமாக மாற்றி வைத்துவிட்டு, தோளைத் தளர்த்தச் சொன்னார்.