கல்வியை முதல் என்று கண்ட ஆடம் ஸ்மித்

பொருளாதார சாஸ்திரத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஆடம் ஸ்மித், ஸ்காட்லாந்து தேசத்துக் கர்க்கால்டி என்னும் கடற்கரைப் பட்டணத்தில் 1723-ஆம் ஆண்டிற் பிறந்தவர். சுங்க இலாகாவில் உத்தியோகம் வகித்த தந்தையார், மகவு பிறக்குமுன்னரே காலமாயினர். அன்னையாரே வளர்த்து ஆளாக்கினர். உள்ளூர்ப் பாடசாலையிற் பயின்று, பதினான்காம் வயதிற் கிளாஸ்கோ சர்வகலாசாலையை அடைந்தார். 1740-ல், ஸ்னெல் என்பார் வைத்த தருமநிதியின் உதவியால் ஆக்ஸ்போர்டு சென்று ஆறாண்டுகள் தங்கினார்.

ஆங்கே ஆசிரியர்களுக்கு நிலையான வருமானம் இருந்தமையின், பலர் போதித்தலையே கைவிட்டிருந்தனர். கிளாஸ்கோவிலோ மாணாக்கர் செலுத்தும் சம்பளம் ஆசிரியர் வருவாயிற் பெரும்பங்காதலின், ஊக்கத்துடன் கற்பித்தனர். இவ்வேற்றுமை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1751 முதல் அவரும் கிளாஸ்கோவில் ஆசிரியராக விளங்கினார். 1764-ல் பக்ளூ கோமகனுக்கு ஆசிரியராகப் பிரான்சு செல்ல நேர்ந்தபோது, பாடம் முடியாமையால் மாணாக்கரின் பணத்தைத் திருப்பியளித்தார். அவர்கள் மறுத்தும் வற்புறுத்திக் கொடுத்தனர் என்பர்.

1776-ல் வெளிவந்த நாடுகளின் செல்வம் பற்றிய பெருநூலில், ஒரு தேசத்தின் நிலைமுதல் இன்னதென வகுத்தார். இயந்திரங்கள், கட்டிடங்கள், திருத்திய நிலம் ஆகியவற்றோடு மக்கள் கற்றுப் பெற்ற திறமையையும் சேர்த்தார். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய இயந்திரம் தேய்ந்தொழியுமுன் தன் விலையை மீட்டுத் தரவேண்டுமன்றோ? அங்ஙனமே, பல்லாண்டு உழைத்துப் பொருள் செலவிட்டு ஒரு தொழிலைக் கற்றவனுக்குக் கிடைக்கும் கூலி, அச்செலவை இலாபத்துடன் ஈடுசெய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. கற்ற திறமை அவனுக்குச் செல்வமாவதோடு சமூகத்திற்கும் செல்வமாம்.

ஆயின் இம்முதலை இடுதற்கு ஏழைப் பெற்றோர் என் செய்வர்? அவர்தம் சிறுவர் உழைக்கும் பருவம் எய்தியவுடன் வேலைக்குச் செல்கின்றனர். வாழ்நாள் முழுதும் ஓரிரு சிறு செய்கைகளையே திரும்பத் திரும்பச் செய்வோர் அறிவு மழுங்குகின்றது. இதனை உணர்ந்த ஸ்மித், ஊர்தோறும் சிறு பாடசாலை அமைத்து, கூலியாளும் கொடுக்கத்தக்க குறைந்த சம்பளத்தில், எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்பித்தல் பொதுமக்கள் கடன் என்றார். ஸ்காட்லாந்தின் ஊர்ப் பாடசாலைகளே அதற்குச் சான்றாயின.

1790 ஜூலை 17-ல் எடின்பரோவில் அவர் மறைந்தார். 1960-ல் தியோடர் ஷுல்ட்ஸும், 1964-ல் கேரி பெக்கரும் இக்கருத்தை மனித மூலதனம் என்ற பெயரால் விரித்துரைத்தனர். பிற்காலத்தில் இருவரும் நோபல் பரிசு எய்தினர்.

நம் இல்லங்களிற் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைச் செலவுப் பத்தியில் எழுதுதல் வழக்கம். ஸ்மித்தின் கணக்கில் அது முதலில் வரவேண்டியது. ஆண் பெண் இருபாலார்க்கும் அம்முதலை இடுவோமாக. இட இயலாதார்க்கு ஊர் கூடி இடுவோமாக.