இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த விருது



நம் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதி வயல்களுக்கு உயிர் கொடுக்கும் காவிரி, கர்நாடகத்தின் குடகு மலையில் பிறக்கிறது. அந்த மலைநாடு நமக்குத் தண்ணீரைத் தருவது போலவே நாட்டுக்குப் படைவீரர்களையும் தந்திருக்கிறது. சுதந்திர இந்தியாவின் ராணுவத்துக்கு 1949ஆம் ஆண்டில் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற கரியப்பா குடகைச் சேர்ந்தவர். பின்னாளில் அதே பொறுப்பை வகித்த திம்மையாவும் அந்த மண்ணின் மைந்தரே. இவர்கள் இருவரும் வாழும்போதே புகழ் பெற்றவர்கள். அதே குடகில் பிறந்த இன்னொருவருக்கோ, அவர் இறந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்தே பாராட்டு வந்தது. அவர்தான் இந்திய விமானப்படையின் போர் விமானி, ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா. அவருடைய வாழ்வை இன்று சிந்திப்போம்.

ஆசிரியராக இருந்தவர்

தேவய்யா 1932ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் பிறந்தார். தந்தை போப்பய்யா ஒரு மருத்துவர். 1954இல் தேவய்யா விமானப்படையில் விமானியாகச் சேர்ந்தார். பல ஆண்டுகள் பறந்து அனுபவம் பெற்ற பின், புதியவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் பயிற்சி ஆசிரியரானார்.

பயிற்சி ஆசிரியரின் வேலை வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. கற்றுக்குட்டி செய்யும் ஒவ்வொரு தவறையும் தன் உயிரைப் பணயம் வைத்து, பொறுமையோடு திருத்த வேண்டும். இத்தகைய ஆசிரியர்களை உருவாக்கும் விமானப்படைப் பள்ளி சென்னைக்கு அருகே தாம்பரத்தில் இயங்கி வருவதை நம்மில் பலர் அறிவோம்.

1965ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. அப்போது தேவய்யா விமானப்படையின் பறத்தல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். போர்முனைக்கு அனுபவமுள்ள விமானிகள் தேவைப்பட்டனர். தேவய்யா, புலிகள் என்று பெயர் பெற்ற முதலாம் படைப்பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பிரிவு பஞ்சாப் மாநிலம் ஆதம்பூர் விமானத் தளத்தில் இருந்தது. அதன் தலைவர் விங் கமாண்டர் தனேஜா.

காத்திருப்பில் இருந்தவர்

செப்டம்பர் 6ஆம் நாள் மாலையில் பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட் தளத்தைத் தாக்கி, தரையில் நின்ற நமது விமானங்கள் பலவற்றை அழித்தன. அன்று இரவே ஆதம்பூர், ஹல்வாரா, பதான்கோட் தளங்களைச் சுற்றிப் பாகிஸ்தான் பாராசூட் வீரர்கள் இறக்கப்பட்டனர். யாரும் உறங்காத இரவு அது.

இதற்குப் பதிலடியாக, செப்டம்பர் 7 விடியற்காலையில் பாகிஸ்தானின் முக்கிய விமானத் தளமாகிய சர்கோதாவைத் தாக்க, முதலாம் படைப்பிரிவின் பன்னிரண்டு விமானங்கள் புறப்படுவதென முடிவாயிற்று. அந்தப் பன்னிரண்டு பேரில் தேவய்யாவின் பெயர் இல்லை. புறப்படுகிறவர்களில் யாராவது பின்தங்க நேர்ந்தால் அந்த இடத்தை நிரப்பும்படி அவர் காத்திருப்பில் வைக்கப்பட்டிருந்தார். ஒரு விமானம் விலக நேர்ந்தது. தேவய்யா அந்த இடத்துக்குச் சென்றார்.

அவர் ஓட்டியது பிரான்ஸ் நாட்டில் தயாரான மிஸ்டேர் விமானம். உறுதியானதுதான், ஆனால் வேகத்தில் பின்தங்கியது. எதிரியின் ராடார் கண்ணில் படாமலிருக்கத் தாழ்வாகப் பறந்து போய்த் திரும்ப வேண்டும். தாழ்வாகப் பறந்தால் எரிபொருள் விரைவில் தீரும். வழியில் நின்று சண்டையிட்டால், வீடு திரும்ப எரிபொருள் போதாது. இது புறப்பட்ட அனைவருக்கும் தெரிந்ததே.

திரும்பி நின்றவர்

தாக்குதலுக்குச் சென்ற நமது விமானங்களைப் பாகிஸ்தானின் ஃப்ளைட் லெப்டினென்ட் அம்ஜத் ஹுசைன் வழிமறித்தார். அவர் ஓட்டிய ஸ்டார்ஃபைட்டர் அமெரிக்கத் தயாரிப்பு. ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பாயக்கூடியது. நேராக ஓடித் தப்பிக்க மிஸ்டேரால் இயலாது.

அம்ஜத் சுட்டதில் தேவய்யாவின் விமானம் அடிபட்டது. அது முடிந்துவிட்டது என்றெண்ணி அவர் மற்ற விமானங்கள் பக்கம் கவனத்தைத் திருப்பினார். ஆனால் அடிபட்ட அந்த மிஸ்டேர் விழவில்லை. தேவய்யா அதை எதிரியை நோக்கித் திருப்பினார். நேர் ஓட்டத்தில் ஸ்டார்ஃபைட்டருக்கு இணையில்லை; ஆனால் வேகம் குறைந்து வளைந்து திரும்பும் சண்டையில் அதன் சிறிய இறக்கைகளே அதற்குப் பலவீனம். அந்தச் சண்டையில் தேவய்யாவின் குண்டுகள் ஸ்டார்ஃபைட்டரைத் தாக்கின. அம்ஜத் விமானத்தை விட்டு வெளியே குதித்து, பாராசூட்டின் துணையால் உயிர் பிழைத்தார். தேவய்யா பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 32.

காணாமல் போனவர்

ஆதம்பூரில் தேவய்யாவின் விமானம் திரும்பவில்லை என்பது மட்டுமே தெரிந்தது. என்ன நடந்தது என்று சொல்ல நம் பக்கத்தில் சாட்சி இல்லை. அவர் பெயர் காணாமல் போனவர் பட்டியலில் எழுதப்பட்டது.

செப்டம்பர் 23ஆம் நாள் போர் நின்றது. 1966 ஜனவரியில் தாஷ்கண்ட் உடன்பாடு கையெழுத்தானது. சிறைப்பட்டவர்கள் வீடு திரும்பினர். அவர்களில் குடகு நாட்டுப் பிள்ளை ஒருவரும் இருந்தார். அவர் தளபதி கரியப்பாவின் மகன். போரின் கடைசி நாளில் விமானம் வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டிருந்தவர். அவரை மட்டும் முன்னதாக விடுவிக்கப் பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் முன்வந்தபோது, சிறையிலிருக்கும் எல்லா வீரர்களும் தமக்கு மகன்களே எனக் கூறித் தந்தை அச்சலுகையை மறுத்தார் என்பது நாடறிந்த செய்தி. அந்த மகன் வீடு வந்து சேர்ந்தார். தேவய்யாவின் மனைவியும் பெண் குழந்தைகளும் காத்திருந்த வீட்டுக்கோ யாரும் வரவில்லை.

காணாமல் போனவர் என்ற சொல்லின் கனம் நம் கடலூர்க் கடற்கரை மக்களுக்கு விளக்கித் தெரிய வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் நம் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உடல் கிடைத்தவர்களின் வீட்டில் அழுது தீர்க்க ஒரு நாள் இருந்தது. கிடைக்காதவர்களின் வீட்டில் அழவும் முடியாமல், ஆறவும் முடியாமல், கதவு தட்டும் ஓசைக்கெல்லாம் எழுந்து போனார்கள். தேவய்யாவின் குடும்பம் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது.

எதிரியிடமிருந்து வந்த சாட்சி

பதினான்கு ஆண்டுகள் ஓடின. 1979இல் ஜான் ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1965 விமானப் போரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பாகிஸ்தான் விமானப்படையின் ஆதரவோடு, அவர்கள் தரப்புச் செய்திகளைக் கொண்டு எழுதப்பட்ட நூல் அது. சர்கோதா அருகே ஒரு ஸ்டார்ஃபைட்டரை இந்திய மிஸ்டேர் விமானம் ஒன்று சண்டையிட்டு வீழ்த்தியது என்ற செய்தி அதில் இருந்தது.

அந்த மிஸ்டேரை ஓட்டியவர் யார்? அந்த விடியற்காலையில் முதலாம் படைப்பிரிவிலிருந்து சென்றவர்களில் திரும்பாத விமானி தேவய்யா ஒருவரே. இரு நாட்டுக் கணக்குகளையும் ஒப்பிட்டபோது விடை தெளிவாயிற்று. அவருடைய அன்றைய தலைவர் தனேஜா போன்றோர் இதை அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றனர். 1988இல் தேவய்யாவுக்கு மகாவீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. போர்க்களத்தில் காட்டும் வீரத்துக்காகப் பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்தபடியாக நம் நாடு வழங்கும் உயரிய விருது இது. விமானப்படையில் மறைவுக்குப் பின் இவ்விருதைப் பெற்றவர் தேவய்யா ஒருவர் மட்டுமே. அவர் துணைவியார் அதைப் பெற்றுக் கொண்டார். தேவய்யா இறந்தபோது குழந்தைகளாக இருந்தவர்கள் அதற்குள் வளர்ந்து பெரியவர்களாகியிருந்தனர்.

இன்னொன்றும் பின்னர் தெரிய வந்தது. தேவய்யாவின் உடலைக் கண்டெடுத்த பாகிஸ்தான் கிராமத்து மக்கள் அதை அங்கேயே அடக்கம் செய்திருந்தனர். இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என நாம் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். போர் நடக்கும் வேளையில், எதிரி நாட்டு விமானிக்கு அதைச் செய்தார்கள் பெயர் தெரியாத அந்த ஏழைக் குடியானவர்கள்.

அம்ஜத் ஹுசைனின் வாழ்வும் விந்தையானது. 1971 போரில் அமிர்தசரஸ் அருகே அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர்க்கைதியாக இந்தியாவில் சிறையிருந்து, பிறகு நாடு திரும்பினார். தேவய்யாவின் கடைசி நிமிடங்களைக் கண்ணால் கண்ட மனிதர் நம் மண்ணிலேயே இருந்திருக்கிறார். அப்போதும் தேவய்யாவின் வீட்டுக்கு விடை கிடைக்கவில்லை.

நாம் எண்ணிப் பார்க்க

2025இல் தேவய்யாவின் வாழ்வைத் தழுவி ஸ்கை ஃபோர்ஸ் என்ற இந்தித் திரைப்படம் வெளிவந்தது. இன்று அவர் பெயர் பலருக்குத் தெரியும். ஆனால் எதை வைத்துத் தெரிய வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. தன்னை வீழ்த்தியவனைப் பற்றிய உண்மை எதிர்த்தரப்பிலிருந்து மறையாமல் வந்தது. அது வராமல் போயிருந்தால், தேவய்யா இன்றும் பட்டியலில் ஒரு பெயராகவே இருந்திருப்பார். தனக்குப் பெருமை சேர்க்காத உண்மையைச் சொல்வதற்கும் துணிவு வேண்டும். வயல் வரப்பிலும் சொத்துப் பங்கிலும் தேர்தலிலும் நமக்கு எதிராக நிற்பவரின் நல்ல செயலை நாம் எத்தனை முறை சொல்லாமல் விழுங்கியிருக்கிறோம்?

தேவய்யா திரும்பி நின்றபோது அவரை யாரும் பார்க்கவில்லை. விருது வரும் என்றோ, படம் எடுப்பார்கள் என்றோ அவர் எண்ணியிருக்க முடியாது. தன் கூட்டத்தார் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதற்கு வேண்டியதை அவர் செய்தார். நம் பங்குகளிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், எல்லையில் பணி செய்து இறந்தவர்கள், பெயர் சொல்லப்படாமலே உழைத்து ஓய்ந்தவர்கள். வரும் நவம்பர் மாதம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, கல்லறை இல்லாத அவர்களின் பெயரையும் உரக்கச் சொல்லுவோம். அவர்கள் வீட்டார் இன்னும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இருபத்து மூன்று ஆண்டுகள் அவர்களைக் காத்திருக்க வைக்க வேண்டாம்.