நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன்

புனே சாங்வியில் எங்கள் வீட்டு அலமாரியில் அப்பா காலத்துத் தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கி இருக்கின்றன. பேரக் குழந்தைகளுக்கு ஆங்கிலமும் மராத்தியும் சரளம். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. வெளியூர்களில் வசிக்கும் நம் அங்கத்தினர்கள் பலர் இல்லங்களிலும் இதே நிலைதான். இதை நினைக்கும்போதெல்லாம் டாக்டர் எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களின் ஞாபகம் வருகிறது.

1892-ஆம் வருஷம் தஞ்சை ஜில்லா சீர்காழியில் பிறந்தவர். அவர் பெயரின் முதல் எழுத்து அந்த ஊரையும், இரண்டாவது தகப்பனார் ராமாமிருத ஐயரையும் குறிக்கும். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். போதாக்குறைக்குத் திக்குவாயும் இருந்தது. ஆனாலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்று, மங்களூர், கோவை, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று ஆசிரியராகப் பேர் வாங்கினார்.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆளே வராத நூலகத்தில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பது அவருக்குச் சிறைவாசம்போல் இருந்தது. கல்லூரிக்கே திரும்பிவிட ஆசைப்பட்டார். முதலில் லண்டன் போய்ப் பயிற்சி பெற்று வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஏற்பாடாயிற்று. அங்கே ஊர் ஊராகப் போய்ப் பல நூலகங்களைப் பார்த்தார். தொழிலாளியும் குழந்தையும் சகஜமாக வந்து புத்தகம் எடுத்துப் போவதைக் கண்டதும் மனம் மாறிவிட்டது. ஒரு கடையில் குழந்தைகள் பூட்டிப் பூட்டி விளையாடும் மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோது உதித்த யோசனைதான், பின்னால் உலகப் புகழ் பெற்ற கோலன் பகுப்பு முறை ஆயிற்று.

திரும்பி வந்ததும், வாசகர்கள் தாங்களே அலமாரியிலிருந்து புத்தகம் எடுக்கும்படி செய்தார். வருஷக்கணக்கில் விடுமுறை எடுக்காமல் உழைத்தார். 1928-இல் மனைவி ருக்மிணி விபத்தில் காலமானார். அந்தத் துக்கத்திலும் வேலையை விடவில்லை. மறு வருஷம் சாரதா அம்மாளை மணந்தார்.

1931-இல் வெளியான அவருடைய நூலக விதிகள் ஐந்து. புத்தகம் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஏழை பணக்காரர், ஆண் பெண், நகரத்தார் கிராமத்தார், பெரியவர் குழந்தை என்ற பேதம் இதில் கூடாது என்பது அவர் கட்சி. தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப் புத்தகம், மராத்திக் குழந்தைக்கு மராத்திப் புத்தகம் என்பதும் இதில் அடக்கம்தானே! அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சியில் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது. அதற்குத் துணை நின்றவர் ரங்கநாதன்.

தர்மத்தை நம்பி மட்டும் நூலகம் நடவாது, சட்டம் வேண்டும் என்று பல வருஷங்கள் பாடுபட்டார். 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதல். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலானதால் சின்ன ஊர்களிலும் கிளை நூலகங்கள் எழுந்தன. மஹாராஷ்டிரத்தில் 1967-இல்தான் இத்தகைய சட்டம் வந்தது.

காசி, டெல்லி பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார். எளிமையாக வாழ்ந்து சேர்த்த ஒரு லட்சம் ரூபாயை, மனைவி பெயரில் பேராசிரியர் பதவி ஏற்படுத்தச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1957-இல் பத்மஸ்ரீ, 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்ற கௌரவங்கள் கிடைத்தன. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். ஆகஸ்ட் 12 அவர் நினைவாக நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

பூட்டிய அலமாரியில் இருக்கும் புத்தகம் அவருடைய முதல் விதிக்கே விரோதம். எங்கள் வீட்டில் இப்போது பூட்டைக் கழற்றிவிட்டோம். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பேரனுக்கு அ, ஆ தொடங்கியிருக்கிறது. மாதம் ஒருமுறையாவது நம் கிளைக் கூட்டங்களில் தமிழ்ப் புத்தகங்களை எடுத்து வந்து குழந்தைகள் கையில் கொடுத்தால், அந்தப் பெரியவருக்கு அதைவிட நல்ல அஞ்சலி இராது.