இருட்டைக் கண்டு நடுங்கிய காந்தி... ஃபோபியாவுக்கு இப்போ சிகிச்சை என்ன?

திண்டுக்கல் பக்கத்து காந்திகிராமம் யார் பேரைச் சுமக்குதோ, அந்த காந்திக்கு சின்ன வயசுல இருட்டுன்னா நடுக்கம். ஒரு பக்கம் பேய், இன்னொரு பக்கம் திருடன், மூணாவது பக்கம் பாம்பு வர்ற மாதிரியே தோணுமாம். விளக்கு இல்லாம தூக்கம் வராது. 13 வயசுல கல்யாணம். கஸ்தூர்பாவோ இருட்டுல எங்கேயும் போய் வருவார். அவரிடம் இதைச் சொல்லவே காந்திக்கு வெட்கம். (நம்மில் பலரும் மறைப்பது இதனால்தானே!) வீட்டில் வேலை பார்த்த ரம்பா சொன்ன மருந்து, ராமநாமம்.

இன்றைய சிகிச்சை வேறு. ஒதுங்க ஒதுங்க பயம் கூடும் என்பதால், படிப்படியாகப் பழக்குவார்கள். பாம்பு பயமென்றால் முதலில் படம், அடுத்து வீடியோ, கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிஜப் பாம்பு. படபடப்பு அடங்கிய பிறகே அடுத்த படி. பயத்தால் அன்றாட வேலை கெடுகிறதா? 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.